அந்தத் தொண்ணூறு லிட்டர் எந்த அறையில்?

வெள்ளம் புகுந்த வீடுகளை உலர்த்தித் தரும் வேலையில் இறங்கியிருக்கும் ஏ.சி. மெக்கானிக்குகளுக்கும் கிளீனிங் சர்வீஸ்காரர்களுக்கும்,

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஜனங்கள் செய்தது என்ன? சேற்றை வழித்தார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள், ஃபேனைச் சுழலவிட்டு, தை மாத வெயில் வரட்டும் என்று காத்திருந்தார்கள். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் முடிச்சூரும் மறுபடி நனைந்தபோது, "ஈரத்தை இழுக்குற மெஷின் வாடகைக்குக் கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் வந்துவிட்டார்கள். உங்களில் சிலர் டிஹியூமிடிஃபையர் வாங்கியிருக்கிறீர்கள். மற்றவர்கள் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். விசாரிக்கப் போன இடத்தில் காதில் விழும் முதல் வார்த்தை லிட்டர். "இது 50 லிட்டர் சார், இது 90 லிட்டர், கொஞ்சம் போட்டால் 138 லிட்டர் எடுத்துக்கலாம்." பைக்குக்கு மைலேஜ் பார்ப்பதுபோல நாமும் லிட்டரைப் பார்த்துப் பணத்தை எண்ணிவிடுகிறோம்.

அந்த லிட்டரை நம்பி மெஷின் எடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது பொய் என்று சொல்லவில்லை. எந்த அறையில் அளந்த லிட்டர் என்று கேளுங்கள் என்கிறேன்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் குனிந்து படியுங்கள். பெரிய எழுத்தில் 90 லிட்டர். அதன்கீழே பொடி எழுத்தில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று இருக்கும். நம் சந்தைக்கு வரும் மெஷின்கள் பெரும்பாலும் அந்த அளவில்தான் சோதிக்கப்பட்டவை. அந்தக் காற்றில் ஒவ்வொரு கிலோவிலும் 21 கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்கள் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் அளவு வேறு. அங்கே வீட்டு உபயோகப் பொருள் தயாரிப்பாளர் சங்கத்தின் 'அஹாம்' சோதனை, 80 டிகிரி ஃபாரன்ஹீட், 60 சதவீதம். நம் கணக்கில் ஏறத்தாழ 27 டிகிரி. கிலோவுக்கு 13 கிராம் சொச்சம் தண்ணீர். இதே மெஷினை 90 டிகிரி ஃபாரன்ஹீட், 90 சதவீதத்தில் ஓட்டி அதையும் கேட்டலாக்கில் போடுகிற கம்பெனிகள் உண்டு. அங்கே கிலோவுக்கு ஏறத்தாழ 28 கிராம். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும் காற்றைக் கொடுத்தால் எந்த மெஷினும் இழுக்கத்தான் செய்யும். 30-80 அளவில் 90 லிட்டர் இழுப்பது, அஹாம் அளவில் பல மெஷின்களில் பாதியை ஒட்டித்தான் வரும்.

வேடிக்கையாக ஒன்று: அமெரிக்க அரசு 2019-இல் வீட்டு மெஷின்களுக்கான சோதனைச் சூட்டை 80 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 65-க்குக் குறைத்தது. அதுவரை 70 பைன்ட் (அங்கே லிட்டருக்குப் பதில் பைன்ட்) என்று விற்ற மெஷின் மறுநாளிலிருந்து 50 பைன்ட் ஆகிவிட்டது. உள்ளே ஒரு திருகுகூட மாறவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தத் தொழிலின் பாடப்புத்தகம் என்று சொல்லத்தக்கது ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமெரிக்க அமைப்பின் எஸ்-500 தரக்குறிப்பு. 1994-இல் முதலில் வந்தது, 2021-இல் ஐந்தாம் பதிப்பு. நல்ல புத்தகம். ஆனால் அதை எழுதியவர்கள் கண்ணில் இருந்த வீடு மரச்சட்டம், ஜிப்சம் பலகை, கார்ப்பெட் வீடு. நனைந்த கார்ப்பெட்டைத் தூக்கி எறிந்து, ஜிப்சத்தை இரண்டடி உயரத்துக்கு அறுத்தெடுத்து, மெஷினைப் போட்டால் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். நம்முடையது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபுறமும் சிமென்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன். தரையில் வெட்ரிஃபைட் டைல்ஸ், டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் தேங்கிய கலவை. எஸ்-500 நனைவை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. செங்கல், பூச்சு, கான்கிரீட், கெட்டி மரம் போன்றவற்றின் உள்ளுக்குள் ஊறி, எளிதில் வெளியே வராத ஈரம் நான்காம் வகுப்பு. அவர்களுக்கு எப்போதாவது வரும் நான்காம் வகுப்பு நமக்குத் தினசரி வேலை.

நான்காம் வகுப்பு ஈரம் சாதாரணமாக மசியாது. அறைக் காற்று நன்றாக வறண்டால்தான் அது சுவரின் உள்ளேயிருந்து மேலே வரும். கார்ப்பெட் வீட்டில் 'நிறைய இழுக்கும்' மெஷின் போதும். செங்கல் வீட்டுக்குத் தேவை 'ஏற்கெனவே வறண்ட காற்றிலிருந்தும் இழுக்கும்' மெஷின்.

முடிச்சூர்ப் பக்கம் ஒரு தரைத்தள வீட்டில் நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன். மெஷின் போட்ட மூன்றாம் நாள் காலை வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நிற்கிறார். "மொத நாள் பக்கெட் பக்கெட்டா ஊத்துனேன் தம்பி. நேத்து ஒரு பக்கெட். ராத்திரி பூரா ஓடியிருக்கு, பாருங்க, ஒரு சொம்புகூட ரொம்பல. மெஷின் ரிப்பேரா? இல்ல வீடு காஞ்சிருச்சா?" உள்ளே போய்ப் பார்த்தால் அறைக் காற்று சூடாகவும் நன்றாக வறண்டும் இருக்கிறது. சுவரில் மீட்டரை வைத்தால் முதல் நாள் காட்டியதைவிட ஒரு சிறு இறக்கம், அவ்வளவுதான். வீடும் காயவில்லை, மெஷினும் ரிப்பேர் இல்லை. அந்த மெஷினின் எல்லை அதுதான்.

ஏன் என்பது உங்களில் ஏ.சி. மெக்கானிக்குகளுக்குச் சொல்லாமலே விளங்கும். காயிலின் மேற்பரப்பு, அந்தக் காற்றின் டியூ பாயின்ட்டைவிட (ஆவி தண்ணீராகத் தொடங்கும் சூட்டைவிட) குளிர்ச்சியாக இருந்தால்தான் தண்ணீர் சொட்டும். 30 டிகிரி, 80 சதவீதக் காற்றுக்கு டியூ பாயின்ட் 26 டிகிரி; சும்மா குளிர்ந்தாலே சொட்டும். அறை வறண்டு கிலோவுக்கு 10 கிராம் சொச்சத்துக்கு இறங்கும்போது டியூ பாயின்ட் 15 டிகிரிக்கு வந்துவிடும். மலிவு மெஷினில் சூடான அறைக்காற்று நேராகப் போய் காயிலில் மோதுகிறது. அந்தக் காற்றைக் குளிர்விப்பதிலேயே கம்ப்ரசரின் சக்தி தீர்ந்துபோகிறது. தண்ணீரைப் பிரிக்க மிச்சமில்லை. எல்.ஜி.ஆர். என்று சொல்லப்படும் வகையில் நடுவே ஒரு வெப்பப் பரிமாற்றி இருக்கும். காயிலைத் தாண்டி வெளியே போகும் குளிர்ந்த காற்று, உள்ளே வரும் சூடான காற்றை வழியிலேயே தணித்து அனுப்பும். காயிலுக்கு வரும்போதே காற்று பாதி குளிர்ந்திருக்கும், அதனால் காயில் தன் வேலையை மட்டும் பார்க்கும். தொழிலில் சொல்லும் கணக்கு இது: சாதா மெஷின் கிலோவுக்கு 8 கிராமை ஒட்டித் திணற ஆரம்பிக்கும், எல்.ஜி.ஆர். 6 கிராமுக்குக் கீழேயும் இழுக்கும். இது மிதமான சூட்டுக்கான கணக்கு. நம் ஊர் மூடிய அறை 35-ஐத் தாண்டினால் இரண்டுமே அந்த ஆழத்துக்குப் போகாது. ஆனாலும் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "30 டிகிரி, 40 சதவீதத்தில் இது ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கும்?" பதில் தாளில் எழுதி வரவேண்டும். நல்ல தயாரிப்பாளரிடம் சூடும் ஈரப்பதமும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட அட்டவணை இருக்கும். அது இல்லை, "சூப்பரா எடுக்கும் சார்" என்ற வாய்வார்த்தைதான் இருக்கிறது என்றால், அந்த மெஷின் கொடவுனில் அரிசி மூட்டைக்கு ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள உதவலாம். நம் வேலைக்கு வேண்டாம்.

எத்தனை மெஷின் என்பதற்கு எஸ்-500 வழியில் ஒரு எளிய கணக்கு உண்டு. அறையின் கன அடியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.ஜி.ஆர். மெஷினாக இருந்து, நனைவு நான்காம் வகுப்பாக இருந்தால் 40-ஆல் வகுங்கள். வருவது ஒரு நாளைக்கு வேண்டிய பைன்ட், அதுவும் அஹாம் அளவில். ஒரு பைன்ட் 473 மில்லி. 800 சதுர அடி வீடு, பத்தடி உயரம் என்றால் 8,000 கன அடி. 40-ஆல் வகுத்தால் 200 பைன்ட். ஏறத்தாழ 95 லிட்டர். பெட்டியில் 90 லிட்டர் என்று போட்ட ஒரு மெஷின் கிட்டத்தட்டச் சரியாக வருகிறதே என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். அந்த 90, அஹாமில் 45-ஐ ஒட்டி நிற்கும். ஆக இந்த வீட்டுக்கு அப்படிப்பட்டவை இரண்டு வேண்டும். சாதா மெஷினுக்கு அந்தப் புத்தகம் நான்காம் வகுப்பில் எண்ணே தரவில்லை, பொருந்தாது என்று விட்டுவிட்டது. அதையும் மனதில் வையுங்கள். இந்தக் கணக்கு முதல் நாளுக்கு மட்டும்தான். மறுநாளிலிருந்து மீட்டர் சொல்வதைக் கேட்டு மெஷினைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

கன அடியைக் குறைப்பதும் ஒரு வழி. நனைந்தது நான்கடி உயரம் என்றால், தடித்த பாலிதீன் ஷீட்டை ஆறடியில் கூரைபோலக் கட்டிவிடலாம். காயவைக்க வேண்டிய காற்று கணிசமாகக் குறைந்துவிடும். ஷீட் மலிவு, மெஷின் வாடகை அப்படியில்லை.

இங்கே ஜன்னல் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். "காத்தோட்டமா இருந்தாத்தானே காயும்?" என்று வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். டிசம்பர் சென்னையில் வெளிக்காற்று 26 டிகிரி, 80 சதவீதம் என்று வைத்தால், கிலோவுக்கு 17 கிராம் தண்ணீர். உள்ளே நாம் 9 கிராமுக்கு இறக்கியிருக்கிறோம். மேலே சொன்ன 8,000 கன அடி வீட்டில் மணிக்கு ஒரு தரம் காற்று முழுக்க மாறினால், வெளியிலிருந்து உள்ளே வரும் தண்ணீர் ஒரு நாளைக்கு 50 லிட்டர். திறந்த ஜன்னல்கூட வேண்டாம். சமையலறை எக்ஸாஸ்ட் ஓட்டை, பாத்ரூம் வென்டிலேட்டர், கதவின் அடி இடைவெளி ஆகியவையே அதற்குப் போதும். ஒரு மெஷின் முழுக்க அந்த 50 லிட்டருக்கே போய்விடும். அப்புறம் வங்காள விரிகுடாவைத்தான் உலர்த்திக்கொண்டிருப்போம். டேப்பும் ஷீட்டும் எடுத்துக்கொண்டு போகாமல் மெஷினை மட்டும் இறக்கிவிட்டு வருகிறவருக்கு, எல்.ஜி.ஆர். இருந்தும் பயனில்லை. வெளிக்காற்று உள்காற்றைவிட வறண்டிருக்கும் நாட்களில் மட்டும் திறக்கலாம். பிப்ரவரிப் பகலில் சில நாள் அப்படி அமையும். கண்ணால் முடிவு செய்யாமல் ஹைக்ரோமீட்டரை வெளியே ஒரு தரம் வைத்துப் பாருங்கள்.

அடுத்த கேள்வி எல்லா வீட்டிலும் வரும்: "ஏ.சி. போட்டாலே காயாதா?" ஏ.சி.யும் தண்ணீரை இழுக்கும், முதல் ஓரிரு நாளில் நன்றாகவே இழுக்கும். ஆனால் செட் செய்த சூடு வந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும் அல்லது மெதுவாகிவிடும். காயிலில் தங்கிய ஈரத்தை ஃபேன் மறுபடி அறைக்கே ஊதிவிடும். குளிர்ந்த சுவரிலிருந்து ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்காக ஏ.சி.யை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். டிஹியூமிடிஃபையர் ஒரு ஹீட்டரும்கூட. ஒரு லிட்டர் ஆவி தண்ணீராகும்போது 0.68 யூனிட்டுக்குச் சமமான சூட்டை அறையில் விடுகிறது. ஒரு நாளைக்கு 40 லிட்டர் எடுக்கும் 900 வாட் மெஷின், தன் கரண்டையும் சேர்த்து, இரவு பகலாக 2 கிலோவாட் ஹீட்டர் எரிவதற்குச் சமமான சூட்டைத் தரும். குளிர்நாட்டுக்காரனுக்கு அது வரம். நமக்கோ அறை 38-க்கு ஏறி, ஹை பிரஷரில் மெஷின் கட்-ஆஃப் ஆகி, காலையில் போய்ப் பார்த்தால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி. நனையாமல் சுவரில் உயரத்தில் இருந்தால், அதை 28-இலோ 29-இலோ வைத்து இரண்டு மெஷினோடு சேர்த்து ஓட்டுங்கள். ஏ.சி. சூட்டைப் பார்த்துக்கொள்ளும், ஈரத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். வாங்கும்போதே மெஷின் எத்தனை டிகிரிவரை தாங்கும் என்று கேட்டுவிடுங்கள். 32 டிகிரியோடு நிற்கும் மாடல்கள் இருக்கின்றன. நமக்கு 38-ஆவது வேண்டும்.

டெசிகன்ட் வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸும் கம்ப்ரசரும் இல்லாமல், சிலிக்கா ஜெல் தடவிய சக்கரம் சுழன்று ஈரத்தை உறிஞ்சும். வேறொரு வழியாகச் சூடான காற்று அந்தச் சக்கரத்தை உலர்த்தி, ஈரத்தைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். எவ்வளவு வறண்ட காற்றையும் இன்னும் வறட்டும். குளிர்ந்த அறை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நம் நாட்டிலேயே தயாராகிறது. மருந்துத் தொழிற்சாலைகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஹீட்டர் கரண்டைக் குடிக்கும், அறைக்குள் வரும் காற்றும் சூடாக வரும், பெரியது என்றால் மூன்று ஃபேஸ் கேட்கும். சென்ட்ரல் ஏ.சி. ஆபீஸ், சர்வர் அறை, ஆவணக் கிடங்கு போன்ற வேலை எடுப்பவர்கள் வாங்கலாம். சாதாரண வீட்டில் அதைக் கண்மண் தெரியாமல் ஓட்டினால் தேக்கு நிலையும் கதவும் வெடித்துவிடும். மரத்துக்கு வேகமான வறட்சி ஆகாது. தனி வீடுகளே உங்கள் வேலை என்றால் நான் டெசிகன்ட்டில் பணம் போடச் சொல்லமாட்டேன்.

மெஷினை ஆன் செய்வதற்கு முந்தைய வேலைதான் பாதி வேலை. தெருவழியாக வந்த வெள்ளம் சாக்கடை கலந்த வெள்ளம். எஸ்-500 அதை மூன்றாம் வகைத் தண்ணீர், அதாவது மிக மோசமானது என்கிறது. அதைக் கழுவி, கிருமிநாசினி போட்டுத் துடைக்காமல் சுவர்மேல் காற்றடிக்கும் புளோயரைப் போட்டால் சாக்கடையை வீடு முழுக்கத் தூவுகிறோம். பார்ட்டிகிள் போர்டு கிச்சன் கபோர்டு ஊதிப்போயிருந்தால் காப்பாற்ற முடியாது, மெத்தையும் அப்படியே. வெளியே போடச் சொல்லுங்கள், அவை உள்ளே இருக்கும்வரை நம் மெஷின் அவற்றின் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர்க் கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை எமல்ஷனையும் பட்டியையும் சுரண்டியாக வேண்டும். பிளாஸ்டிக் பெயின்ட் சுவருக்குப் போட்ட ரெயின்கோட் மாதிரி. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். எப்படியும் அந்தப் பெயின்ட் மூன்று மாதத்தில் பொரிந்து உதிரப்போகிறது என்று சொல்லிப் புரியவையுங்கள்.

கரண்ட். ஈ.பி. பாக்ஸ் நனைந்த வீட்டில் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லாமல் எதையும் சொருகாதீர்கள். சுவரின் உள்ளே போகும் பைப்பில் தண்ணீர் நின்றிருக்கும். உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்திக்கொள்வது மெஷினைவிட முக்கியம். ஜென்செட்டில் ஓட்டினால் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் நேரத்துக் கரண்ட்டையும் கணக்கில் சேருங்கள். அமெரிக்காவிலிருந்து செகண்ட்ஹேண்டில் மலிவாக வருகிறதே என்று 115 வோல்ட் மெஷின் எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், நம் மின்வாரியம் தருவது 50. 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் மெதுவாகச் சுற்றும், அதிகம் சூடாகும், கம்ப்ரசர் ஆயுசு குறையும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பிளேட்டில் அடித்திருப்பதை மட்டும் வாங்குங்கள்.

பில்லையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 900 வாட் மெஷின் இரண்டு, 250 வாட் புளோயர் எட்டு, இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 91 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப் பட்டியலே வேறு. அந்த 500, ஆறே நாளில் தாண்டிவிடும். பின்னால் பில் வந்து வீட்டுக்காரர் போன் செய்வதைவிட, முதல் நாளே நாம் சொல்வது மரியாதை. லிட்டரைப் பார்ப்பதைவிட, ஒரு லிட்டருக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று பார்த்து வாங்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். அதையும் வறண்ட காற்றில் அளந்த லிட்டரை வைத்துப் பாருங்கள்.

மெஷினின் உடம்பு விஷயத்தில் எனக்குப் பிடிவாதங்கள் உண்டு. தகர உடம்பு வேண்டாம். குட்டியானையில் ஏற்றி இறக்கும்போதே நசுங்கும். மொத்த பிளாஸ்டிக்கில் வார்த்த உடம்பு, பெரிய சக்கரம், ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வசதி வேண்டும். எடை 50 கிலோவுக்குள் இருந்தால் இரண்டு பேர் மாடிப்படி ஏற்றலாம். உள்ளே பம்ப் இருக்க வேண்டும். வெறும் டேங்க் உள்ள மெஷின் இராத்திரி இரண்டு மணிக்கு நிரம்பி, ஆட்டோமேட்டிக்காக நின்று, காலைவரை சும்மா கிடக்கும். ஃபில்டர் கழுவக்கூடியதாக, வெளியிலிருந்தே கழற்றக்கூடியதாக இருக்கட்டும். பட்டி சுரண்டிய வீட்டில் அரை நாளில் அடைத்துக்கொள்ளும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடலோர வேலை எடுப்பவர்களும், சாக்கடை வீச்சம் அடிக்கும் வீட்டில் ஓட்டுபவர்களும் கோட்டிங் போட்ட காயில் கேளுங்கள். உப்புக்காற்றும் சாக்கடை வாயுவும் காயிலை அரிப்பதை ஏ.சி. அவுட்டோரில் நீங்கள் பார்க்காததா? கேஸ் எது என்றும் பாருங்கள். ஆர்-410ஏ என்றால் உங்கள் கையிலேயே சிலிண்டர் இருக்கும். ஆர்-32 என்றால் தீப்பற்றக்கூடியது, மூடிய அறையில் வைத்து பிரேஸிங் வேண்டாம். சென்னையில் சர்வீஸ் உண்டா, போர்டு போனால் எத்தனை நாளில் வரும் என்பதை விலைக்கு முன்னால் கேளுங்கள். டிசம்பரில் ஒரு வாரம் நின்ற மெஷின் அந்த வருஷத்துக்கே நின்ற மாதிரிதான்.

மெஷினோடு சேர்த்து இரண்டு மீட்டரும் வாங்குங்கள். ஒன்று, சூடும் ஈரப்பதமும் காட்டும் ஹைக்ரோமீட்டர். அதை மெஷினுக்குள் போகும் காற்றிலும், வெளியே வரும் காற்றிலும் வைத்து, கிலோவுக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுங்கள். போனில் அதற்கான ஆப்கள் இருக்கின்றன. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள வித்தியாசம்தான் மெஷினின் அன்றைய உழைப்பு. ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். வெளியே வரும் காற்று சூடாக இருப்பதால் சதவீதம் தானாகவே குறைந்து தெரியும். இன்னொன்று சுவர் மீட்டர். அது செங்கல் சுவரில் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முதல் மாடியில் நனையாத சுவரில் வைத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்ச் சுவர் அதை நோக்கி இறங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. உப்புப் பூத்த சுவரில் ஊசி மீட்டர் காய்ந்த பிறகும் ஈரம் என்றே காட்டும், உப்பு கரண்ட்டைக் கடத்துவதால். அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு ஓர் அடி தள்ளி வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். "ஒரு வாரத்துல காய வெச்சுக் குடுத்துடுறோம்" என்பது கார்ப்பெட் வீட்டு வாக்கு. இங்கிலாந்தில் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: சுவர் தானாகக் காய, அங்குலத்துக்கு ஒரு மாதம். நம் ஒன்பது அங்குலத்துக்கு அது எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். மெஷின் அதை வெகுவாகச் சுருக்கும். ஆனால் வாரக் கணக்குக்குள் சுவரின் நடுவரை காய்ந்துவிடாது. முதல் ஓரிரு நாளில் அறையை 60 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து பூஞ்சையைத் தடுப்பது, மரச் சாமானையும் கதவையும் காப்பாற்றுவது, சுவரின் மேல்பூச்சை வறட்டுவது, குடும்பம் திரும்பி வந்து படுக்கும்படி செய்வது ஆகியவற்றுக்கு வாக்குக் கொடுக்கலாம். பெயின்ட் அடிப்பதற்கு மட்டும் கோடைவரை பொறுக்கச் சொல்லுங்கள். பெயின்டர் அவசரப்படுத்தினால், சுவரில் ஒன்றரை அடிச் சதுரமான ஒரு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

சில வீட்டில் வேலையே எடுக்காதீர்கள். வேளச்சேரி மாதிரி ஏரியை ஒட்டிய பகுதிகளில் மழைக்குப் பின் பல வாரம் நிலத்தடி நீர் அஸ்திவாரத்தோடு உரசிக்கொண்டு நிற்கும். சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மீட்டரைத் தரையோரம் வைத்தால் ஒரு வாரம் ஓட்டியும் அதே எண், மூன்றடி மேலே வைத்தால் இறக்கம் என்றால் அந்த வீடு அப்படிப்பட்டது. எவ்வளவு நல்ல எல்.ஜி.ஆர். போட்டாலும் அங்கே வாடகைதான் ஓடும். மெஷினை எடுத்துவிட்டு, நீர்மட்டம் இறங்கியபின் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வீட்டு வாடகை போகும், ஆனால் அந்தத் தெருவில் உங்கள் பெயர் நிற்கும்.

கடைசியாக, வாங்கிவிட்டவர்களுக்கு. வருஷத்தில் ஒன்பது மாதம் மெஷின் கொடவுனில் தூங்கும். பம்ப் அறையில் மிச்சத் தண்ணீர் நின்று பாசி பிடித்து மிதவை ஒட்டிக்கொள்ளும். முதல் மழை வீட்டிலேயே தண்ணீர் பின்னால் ஒழுகி டைல்ஸில் ஓடும். தூங்கப் போடுமுன் பம்ப்பைக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோயிருந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டு, கம்ப்ரசர் ஆயில் இறங்கியபின் ஓட்டுங்கள். ஆகஸ்டில் ஒரு நாள் எல்லா மெஷினையும் பூட்டிய அறையில் ஓடவிட்டு, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து மெஷின் முதுகிலேயே மார்க்கரில் எழுதிவையுங்கள். கேஸ் கசிந்த மெஷின் எது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். சரிசெய்ய அக்டோபர்வரை நேரம் இருக்கும்.